முன்னால் போன வெள்ளைக் கார்

போன கிழமை நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மூவருமே கார் ஓட்டப் பழக்கும் வேலைக்குப் புதியவர்கள். கையில் இருந்த பிளேன்டித் தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், வழியில் பட்ட பாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஹாலிஎலயிலிருந்து பதுளை வரைக்கும் ஒரு வேன் நடுரோட்டில் ஊர்ந்துகொண்டே வந்ததாம். முந்தவும் விடவில்லை, ஒதுங்கவும் இல்லையாம். "இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் யாரு மிஸ் லைசன்ஸ் குடுக்குறது?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைசன்ஸ் கொடுப்பது யாராக இருந்தாலும், பழக்கி அனுப்புவது நாம்தானே.

அதற்குள் உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

ஓட்டப் பழகுகிறவர்களின் லேனர்ஸ் காரில் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தே என் வேலைக்காலம் முழுவதும் போனது. எல் போர்ட் மாட்டிய வண்டியில் இருப்பவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் வசவு புதிதில்லை. நாம் மெதுவாகப் போகிறோம், மேட்டில் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம், வளைவில் தயங்குகிறோம். அந்த வசவு நம்மோடு கூடப் பிறந்தது. ஆனால் நாமும் கோபப்படுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பஸ்ஸை அருகருகே நிறுத்திவிட்டு நடுரோட்டில் கதை பேசுகிறவர்கள், எதிர் மலையில் மேகம் இறங்குவதைப் படம் எடுக்க வளைவிலேயே காரை நிறுத்துகிற சுற்றுலாக்காரர்கள், ஆள் சேர்ப்பதற்காக நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போகிற பஸ்கள் என்று நிறையப் பேர். இவர்களில் பலருக்கு நான் எந்த நியாயமும் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒருவரைப் பற்றி.

பதுளையிலிருந்து மலையேறுகிற ஸ்பிரிங்வெளி ரோட்டில் அந்த நாளில் வண்டி ஓட்டிய யாருக்கும் அந்த வெள்ளைக் காரைத் தெரியாமல் இருக்காது. அதன் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்காகப் பதுளைக்கு வந்து, கணக்கு உத்தியோகத்திலேயே காலத்தைக் கழித்து, இங்கேயே வீடும் கட்டிக்கொண்டவர். ஊரில் எல்லோரும் அவரைச் சார் என்றுதான் சொல்வார்கள். பென்ஷனில் வந்த பிறகுதான் கார் ஓட்டப் பழகி, கார் வாங்கினார். அவருடைய மனைவி அந்த ரோட்டில் மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். காலையில் டீச்சரைக் கொண்டுபோய் விடுவதும், பகலில் போய்க் கூட்டி வருவதும்தான் சாருடைய ஓட்டம். வேறு எங்கும் போகமாட்டார்.

அந்த ஓட்டத்துக்குத்தான் ரோடே பயந்தது. ரோட்டின் சரி நடுவில் போவார். மேடானாலும் பள்ளமானாலும் இரண்டாவது கியர்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, நாடி அதில் முட்டுகிற அளவுக்கு முன்னால் குனிந்திருப்பார். பக்கத்தில் டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பின்னால் பஸ், ஸ்கூல் வேன், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் என்று ஒரு ஊர்வலம் வரும். பஸ் கண்டக்டர்கள் அந்தக் காருக்குத் தேர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "தேர் கிளம்பிருச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சிலர் பஸ்ஸையே எடுப்பார்கள்.

ஹோர்ன் அடித்தால் ஒதுங்கமாட்டார். அடிக்க அடிக்க இன்னும் மெதுவாவார். என்னிடம் பழகிய ஒருவர் அந்த ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், பாடசாலை வாசலில் இறங்கிப்போய், கொஞ்சம் ஒதுங்கி வழி விடச் சொல்லி மரியாதையாகவே கேட்டிருக்கிறார். நான் என் பாட்டில் போகிறேன், சட்டப்படி போகிறேன், ரோட்டு எல்லாருக்கும் பொது என்று சார் சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாராம். படித்த திமிர் என்று பஸ்காரர்கள் முடிவு கட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை ஒரு பிள்ளைக்கு மேட்டில் கிளட்ச் பழக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குக் கால் மரத்துப்போய், காரை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றைக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தனியாக என் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நேரம் வானிலை, பாடசாலை என்று பேசிவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கூடப் படிப்பிக்கிற டீச்சர்மார் வருகிற பஸ் தன் காருக்குப் பின்னால் ஊர்ந்து வருவதையும், அவர்கள் இறங்கித் தன் முகத்தைப் பார்க்காமல் போவதையும் சொன்னார். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்களாம்.

"தங்கச்சி, இவருக்குக் கார் ஓடத் தெரியும். பின்னால ஆக்கள் வருகினம் எண்டதுதான் தெரியாது" என்றார்.

சாரிடம் அவர் ஏற்கெனவே நேராகச் சொல்லியிருந்தார். யாரிடமாவது கொஞ்ச நாள் பழகாவிட்டால், இனி நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று. அந்த ஒரு சொல்லுக்குத்தான் சார் இறங்கி வந்திருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. எல் போர்ட் வண்டியில் ஏறமாட்டார். தன்னுடைய காரில்தான் பழகுவார்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் லேனர்ஸ் காரில் நம் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. பழகுகிறவர் தடுமாறினால் நாம் மிதித்துக்கொள்ளலாம். அடுத்தவருடைய காரில் அது கிடையாது. ஹேண்ட் பிரேக்கும் நம்முடைய வாயும்தான். அந்த வகைப் பாடத்துக்கு ஒப்புக்கொள்ளுவதா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தொழில் பழக்கியவர், இப்போது உயிரோடு இல்லை, கடுமையான மனிதர். அவர் சொல்லுவார்: கால் பதறுகிற ஆளிடம் ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டும், இரண்டு சொன்னால் அவர் எதையும் கேட்கமாட்டார் என்று. அந்த நம்பிக்கையில்தான் சரி என்றேன்.

முதல் நாள் சமதரையில் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் சொன்னது உண்மைதான். கிளட்ச், கியர், வளைவு எல்லாம் கணக்குப் பார்க்கிற மனிதருக்கு உரிய ஒழுங்கோடு செய்தார். ஆனால் உள்ளே இருக்கிற கண்ணாடி, பின்னால் பார்க்கிற கண்ணாடி, கூரையைப் பார்த்துத் திருப்பிவிடப்பட்டிருந்தது. அதை நேராக்கினேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். அன்றைக்கு வெயிலே இல்லை. அடுத்த நாள் ஏறிய போது கண்ணாடி மறுபடியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. என்னைவிட வயதில் மூத்தவர், உத்தியோகம் பார்த்தவர், ஒரு பொம்பிளைப் பிள்ளையிடம் பழக வந்திருக்கிறோமே என்று ஏற்கெனவே உள்ளுக்குள் குன்றிப்போயிருந்தார். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் ஒரு பொய்யான காரணம்தான் கிடைத்திருக்கும். பிறகு அந்தப் பொய்யை அவர் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டி வந்திருக்கும். மூன்றாவது நாள் பாடசாலைக்குப் போய் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வருவோம் என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் பழகிய ரோட்டிலேயே பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஏறும்போது வழக்கம்போல ஊர்வலத்தோடு ஏறினோம். பாடசாலை விட்டு, டீச்சர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் முன்னால், சாருக்குப் பக்கத்தில். இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம்கூட வந்திருக்கமாட்டோம், பின்னால் ஹோர்ன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கிற ஹோர்ன் இல்லை. கையை எடுக்காமல் ஒரே மூச்சாக அடிக்கிற ஹோர்ன்.

சாரின் தோள் இரண்டும் உயர்ந்தன. கார் இன்னும் மெதுவாயிற்று. கொஞ்சம் இருந்த இடதுபக்கத்தையும் விட்டு நடுவுக்கு வந்தார்.

நான் என் பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். மேலே உள்ள ஒரு தோட்டத்துக் கொழுந்து லொறி. பட்டப்பகலில் லைட்டை எரியவிட்டுக்கொண்டு வருகிறது. டிரைவருக்குப் பக்கத்து மிதிபலகையில் ஒருவர் தொற்றிக்கொண்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்து வீசிக்கொண்டிருந்தார். கொழுந்து ஏற்றிய லொறிக்கு இவ்வளவு அவசரம் இருக்காதே என்று நினைக்கும்போதே, டீச்சர் முழுதாகத் திரும்பிப் பின் கண்ணாடி வழியே, வளைவில் திரும்பிய லொறியின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, பொம்பிளையளை ஏத்திக்கொண்டு வருகினம். முகம் வீங்கிப் படுத்துக் கிடக்கினம். குளவி குத்திப்போட்டுது போல."

நான் தோட்டத்தில் பிறந்தவள். குளவி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மரத்தில் இருக்கிற கூடு கலைந்தால் ஓடித் தப்ப வழி இருக்காது. செடிக்கு நடுவில் எங்கே ஓடுவது. பலருக்கு வீங்கி வலித்து இரண்டு நாளில் வடிந்துவிடும். சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படியானவருக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதுதான் உயிர்.

நாங்கள் இருந்த இடம் அந்த ரோட்டிலேயே ஒடுக்கமான பகுதி. இடதுபக்கம் மூடி போடாத ஆழமான தண்ணீர்க் கான், அதை ஒட்டி மண்மேடு. வலதுபக்கம் பள்ளம். முந்திப்போக இடமே இல்லை. ஒதுங்கக்கூடிய அகலமான இடம் கீழே முனியாண்டி கோயிலடியில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் வளைவுக்கு மேல் வளைவு.

சாரின் வலது கால் பிரேக்கை நோக்கி நகர்வதைப் பார்த்தேன். நிறுத்தப் போகிறார். நடுரோட்டில், லொறி தாண்ட முடியாத இடத்தில். அங்கே நிறுத்தினால் அதற்குப் பிறகு அவரால் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை கால் உறைந்துபோகும். அவரை இறக்கி, நான் ஏறி, காரை எடுக்கும் வரைக்கும் லொறியில் இருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். என் வலது கை தானாகவே ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போனது. பிடித்து இழுத்தால் கானுக்குள் போவோம். சத்தம் போட்டால் பிரேக்கைத்தான் மிதிப்பார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வாழ்நாளில் மெதுவாக மட்டுமே ஓட்டிய மனிதர் இப்போது வேகமாக ஓட்ட வேண்டும்.

"சார்" என்றேன், முடிந்தவரைக்கும் என் குரலைத் தாழ்த்தி. "பிரேக்ல இருந்து கால எடுங்க."

எடுத்தார்.

"லைட்டப் போடுங்க."

போட்டார்.

"மூணாவது கியர்."

அங்கே அவருடைய கை நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். உதடு காய்ந்துபோயிருந்தது.

"பிள்ளை, என்னாலை பின்னால பாக்கேலாது. பாத்தா எனக்குக் கால் நடுங்கும்."

கண்ணாடி ஏன் கூரையைப் பார்த்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. ரோட்டில் இருந்த அத்தனை பேரும் திமிர் என்று நினைத்தது, பயம்.

"நீங்க பாக்க வேணாம் சார். பின்னாடி நான் பாத்துக்கிறேன். நீங்க முன்னாடி மட்டும் பாருங்க. மூணாவது கியர்."

கியர் விழுந்தது. எஞ்சின் சத்தம் மாறியது. அந்தக் காரில் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"ஹோர்ன் அடிச்சுக்கிட்டே போங்க. விடாதீங்க."

ஹோர்ன் என்றாலே சுருங்குகிற மனிதர் தன் கையால் ஹோர்னை அழுத்தினார். அழுத்திக்கொண்டே வளைவைத் திருப்பினார். நல்ல திருப்பம்தான். நான் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு சொல் மட்டும் சொன்னேன்: மெதுவா, இடது, இப்ப விடுங்க. இடையில் லொறி எங்கே வருகிறது என்று சொன்னேன். பின்னால் இருக்கு சார், நல்லா இடைவெளி இருக்கு, நம்மகூடத்தான் வருது. டீச்சர் ஒரு கையால் சாருடைய இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அது ஒன்றும் பேய் வேகம் இல்லை. ஒரு நல்ல டிரைவர் அந்த ரோட்டில் தினமும் போகிற வேகம்தான். ஆனால் அந்தக் காருக்கு அது பறப்பது.

பாதி வழியில் ஒரு வளைவைத் திரும்பும்போது எதிரே பஸ் ஏறி வந்தது. என்னிடம் பழகியவருடைய பஸ். அந்த இடத்தில் இரண்டு வண்டி தாண்ட வேண்டும் என்றால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். சாருடைய கால் மறுபடி பதறுவதற்குள், அந்த பஸ் ஒரு வெட்டு வெட்டித் தன் பக்கம் இருந்த மண்மேட்டோடு ஒட்டி நின்றுவிட்டது. மண் சரிந்து பஸ்ஸின் கண்ணாடியில் விழுந்ததைப் பார்த்தேன். நாங்களும் தாண்டினோம், லொறியும் தாண்டியது. அந்தத் தம்பி பிறகு என்னிடம் சொன்னார்: "தேர் லைட்டப் போட்டுக்கிட்டு அந்த வேகத்துல வருது மிஸ். ஏதோ பெருசா நடந்திருக்குனு புரிஞ்சு போச்சு. அப்படியே ஒதுக்கிட்டேன்." லொறி மட்டும் தனியாக வந்திருந்தால் அந்த வளைவில் அதைப் பார்க்கவே நேரம் இருந்திருக்காது என்றும் சொன்னார். முன்னால் ஒரு சின்னக் கார் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

முனியாண்டி கோயிலடி வந்தது. ரோடு அகலமாகிற இடம்.

"பிள்ளை, இனி விடட்டோ?" என்று அவராகவே கேட்டார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். இதற்குக் கீழே ரோடு நன்றாக இருக்கிறது. லொறி எங்களைவிட வேகமாகப் போய்விடும். இதுவரைக்கும் முன்னால் போனதுதான் உதவி. இனி முன்னால் நின்றால் இடைஞ்சல். உதவி எந்த இடத்தில் இடைஞ்சலாக மாறுகிறது என்பதைச் சரியாகப் பிடிப்பதுதான் நம் தொழிலில் பாதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"விடுங்க சார். சிக்னல் போட்டு இடது பக்கம்."

சிக்னல் போட்டார். கோயிலுக்கு முன்னால் அழகாக ஒதுங்கி நிறுத்தினார். லொறி எங்களைத் தாண்டிப் போனது. மேலே சாக்கு விரிப்பில் பெண்கள் சாய்ந்து கிடந்தார்கள். சிலர் முகத்தைச் சேலையால் மூடியிருந்தார்கள். மிதிபலகையில் தொற்றி நின்றவர் எங்களைப் பார்த்து ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வளைவில் லொறி மறைந்தது. ஹோர்ன் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

சார் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், எஞ்சினை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் முதுகை இருக்கையில் சாய்த்தார். டீச்சர் பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளில் வைத்தார்.

அங்கேதான் சார் சொன்னார். கார் வாங்கிய புதிதில் ஒருநாள், பின்னால் ஒரு லொறி விடாமல் ஹோர்ன் அடித்ததாம். கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடி முழுக்க லொறிதான். பதறிப்போய் இடதுபக்கம் ஒடித்தார். ஒரு சக்கரம் கானுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள். "ஆனா அண்டைக்கு இவ உள்ளுக்க இருந்தவ" என்றார். அன்று மாலையே கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். பார்க்காவிட்டால் பதறமாட்டேன், பதறாவிட்டால் கானுக்குள் விடமாட்டேன் என்று ஒரு கணக்கு. நடுரோட்டில் போனதும் அதற்காகத்தான். கானிலிருந்து தூரமாக.

"எல்லாரும் திட்டுறது தெரியும் பிள்ளை. எனக்குக் காது கேக்கும்தானே."

கண்ணாடியைத் திருப்பியது இதற்காக என்று டீச்சருக்கே தெரியாது. அந்தக் கானுக்குள் போன சம்பவத்தை அவர் மறந்தே போயிருந்தார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, முன்னால் ஊர்ந்து போகிற எல்லோரும் பயந்த மனிதர்கள் என்பது இல்லை. ஹாலிஎலயில் உங்களை மறித்த வேன்காரர் வெறும் அக்கறை இல்லாத ஆளாகவே இருக்கலாம். ரோட்டில் வருகிற முகம் தெரியாத ஆளுக்காக நீங்கள் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தள்ளி வாருங்கள், அது போதும். ஆனால் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகுகிற ஆள் ஒதுங்க மறுத்தால், அவருடைய குணத்தைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் அவருடைய காலைப் பாருங்கள். கால் பொய் சொல்லாது.

இன்னொன்று. நிதானமாகப் போக எல்லோரும் பழக்குகிறோம். ஒதுங்கப் பழக்குகிறோமா? எனக்கு அதுவரைக்கும் அது தனிப் பாடமாகத் தோன்றியதே இல்லை. அதற்குப் பிறகு சாருக்கு நான் பழக்கியது அது ஒன்றுதான். அந்த ரோட்டில் எங்கெங்கே ஒதுங்கலாம் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். கோயிலடி, கடையடி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு பின்னால் வருகிறவரைப் பார்க்கப் பயப்படத் தேவையில்லை என்று அவரே ஒருநாள் சொன்னார். பயந்தவரிடம் பயப்படாதே என்று சொல்லிப் பயனில்லை. அவருக்குப் போக ஓர் இடத்தைக் காட்டிவிட வேண்டும். கொஞ்ச நாளில் தேர் என்ற பெயர் அந்த ரோட்டில் பழைய கதையாயிற்று. இப்போது பஸ்ஸில் புதிதாக வந்திருக்கிற கண்டக்டர் தம்பிமாருக்கு அது எந்தக் கார் என்றே தெரியாது.

ஆனால் நான் முடிக்க நினைத்தது வேறு இடத்தில்.

அன்றைக்கு இரவு எங்கள் மூவருக்கும் நிம்மதி இல்லை. லொறி போய்ச் சேர்ந்ததா, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு செய்தியும் இல்லை. அடுத்த நாள் டீச்சர் லீவு போட்டார். நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்குச் சாரும் டீச்சரும் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் அந்தத் துவாய் வீசியவரே நின்றுகொண்டிருந்தார். அவர் அந்தத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை. எங்களைக் கண்டதும் ஓடி வந்து, எல்லாரும் இருக்காங்க, ஒண்ணும் இல்ல, எல்லாரும் இருக்காங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பாதிப் பேரை அன்று காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் எழும்ப முடியாமல் கட்டிலில் கிடந்தார். அவருக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது. லொறியில் பாதி வழியிலேயே பேச்சு நின்றுவிட்டதாம். டீச்சரிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா அவர். முகம் வீங்கி, ஒரு கண் மூடியே இருந்தது. டீச்சர் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, சாரைக் காட்டி, இவர்தான் முன்னால் கார் ஓடிக்கொண்டு வந்தவர் என்றார்.

அந்த அக்கா திறந்திருந்த கண்ணால் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"நேத்து எனக்குக் கண்ணு சரியாத் தெரியல சார். படுத்துக்கிட்டு மேல ஆகாசத்த மட்டும் பாத்தேன், அப்புறம் அதுவும் தெரியல. முன்னாடி ஒரு கார் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அது கேக்குற வரைக்கும் நாம நிக்கல, போய்க்கிட்டுத்தான் இருக்கோம்னு தெரிஞ்சுச்சு. அதையே பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

சார் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குனிந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இப்ப மூச்சு விடச் சுகமா இருக்கோ, அம்மா?"

"சுகமா இருக்கு சார்."